நிற்காத வண்டியும் நேரம் தவறாத அலையும்



ஆறு மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி ஓடும் என்பது எவரும் அறிந்தது. அதனால்தான் திருஞானசம்பந்தர் இட்ட ஏடு வையை வெள்ளத்தை எதிர்த்து மேலேறிச் சென்றதைத் தமிழ் மரபு அற்புதமாகப் போற்றுகிறது. ஏடு சென்று தங்கிய இடம் திருவேடகம் என்று பெயர் பெற்றது. அங்கு எதிரேறியது ஏடு. ஆறே எதிரேறுவதும் உண்டு. இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 130 நாள்கள் அது நிகழ்கிறது. கடலின் நீர் ஓர் அலையாகத் திரண்டு, ஆற்றோட்டத்தை எதிர்த்து, கரைக்குக் கரை நீண்ட ஒரே வரம்பாக உள்நாடு நோக்கி ஏறுகிறது. அந்த ஆற்றின் பெயர் செவர்ன். அதன் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றின் பெயர் நியூனம். அவ்வூருக்கு 113 ஆண்டுகள் ஒரு புகைவண்டி நிலையம் இருந்தது. ஆற்றின் அலையும் அந்த நிலையமும் இவ்வுரையின் பொருள்.

செவர்ன் பிரித்தானியாவின் மிக நீண்ட ஆறு, 354 கிலோமீட்டர். வேல்சு நாட்டு மலையில் பிறந்து, வளைந்து திரும்பித் தென்மேற்கே பிரிஸ்டல் கால்வாய் என்னும் கடற்கூம்பில் கலக்கிறது. அந்தக் கடற்கூம்பின் வடிவந்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஏவன்மவுத் அருகே கழிமுகத்தின் அகலம் ஏறத்தாழ ஐந்து மைல். செப்ஸ்டோ அருகே இரண்டு மைல். லிட்னி அருகே ஒரு மைல். மின்ஸ்டர்வொர்த் என்னும் ஊரை அடையும்போது நூறு கசத்துக்கும் குறைவு. அகலம் சுருங்கச் சுருங்க ஆழமும் குறைகிறது. சென்னைக் கடற்கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரளவே. செவர்ன் கழிமுகத்திலோ பெரிய ஓத நாள்களில் அது ஏறத்தாழ 14 மீட்டர். அத்தனை நீரும் சுருங்கிக்கொண்டே போகும் ஒரு வாய்க்குள் புகும்போது, முன்னே செல்லும் நீர் ஆழங்குறைந்த தரையில் தடைப்பட்டு மெதுவாகிறது. பின்னே வரும் நீர் ஆழமான இடத்தில் விரைந்து வந்து அதன்மேல் ஏறுகிறது. அவ்வாறு நிமிர்ந்த முகப்புத்தான் அந்த அலை. மணிக்கு 13 முதல் 21 கிலோமீட்டர் வரை அது விரையும். வழக்கமாக இடுப்பளவு, மார்பளவு உயரம். 1966 அக்டோபர் 15 ஆம் நாள் ஸ்டோன்பெஞ்ச் என்னுமிடத்தில் 2.8 மீட்டர் அளக்கப்பட்டது.

ஆங்கிலத்தில் இதற்குப் 'போர்' என்று பெயர். தமிழ்ச் செவிக்கு அச்சொல் வேறு பொருள் தரும். பழைய நார்சு மொழியில் அலையைக் குறித்த 'பாரா' என்ற சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் கருத்து. இந்திய நாட்டில் ஊக்ளி ஆற்றிலும் இத்தகைய அலை உண்டு. வங்காளிகள் அதனை 'பான்' என்பர். தமிழ்நாட்டு ஆறுகளில் இது இல்லை. ஆகவே தமிழில் இதற்கெனத் தனிச்சொல் இல்லாததில் வியப்பில்லை. ஆனால் இதன் வேருக்குரிய சொற்கள் தமிழில் நிறைந்திருக்கின்றன. கடலேற்றத்துக்கு ஓதம் என்று பெயரிட்டு, முழுமதி நாளையும் மதி மறைந்த நாளையும் உவா என்ற ஒரே சொல்லால் அழைத்த மொழி இது. செவர்ன் அலை உவா நாள்களை அடுத்தே வருகிறது. இவ்விரு நாள்களின் பின்விளைவும் ஒன்றே என்பதைக் கண்டவர்களுக்கு இரண்டுக்கும் ஒரு பெயர் போதுமானதாக இருந்திருக்கும்.

இங்கு இன்னொன்று நுட்பமாகக் கருதத்தக்கது. முழுமதி நாளிலும் மறைமதி நாளிலும் கதிரவனும் நிலவும் ஒரே கோட்டில் நிற்பதால், அந்நாள்களில் நிலவு உச்சியைக் கடக்கும் வேளை மாறுவதில்லை. ஆகவே பெரிய ஓதம் ஓர் ஊருக்கு எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார வேளையில்தான் வரும். செவர்ன் ஆற்றின் பேரலைகள் காலை ஏழு மணிக்கும் நண்பகலுக்கும் இடையே, அல்லது மாலை ஏழுக்கும் நள்ளிரவுக்கும் இடையே வருகின்றன. பிற்பகல் மூன்று மணிக்குப் பேரலை வந்தது என்று எவரேனும் சொன்னால் அதனை நம்ப வேண்டியதில்லை. அலை வரும் நாளையும் மணித்துளியையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே கணித்து ஊர்வாரியாக அட்டவணை வெளியிடுகிறார்கள். நியூனத்தில் எப்போது, மின்ஸ்டர்வொர்த்தில் எப்போது, கிளாஸ்டர் நகருக்கு அருகிலுள்ள ஓவர் பாலத்தில் எப்போது என்று அதில் காணலாம். தென்மேற்குக் காற்று பலத்து வீசினால் இருபது மணித்துளி முந்தும். மழைவெள்ளம் ஆற்றில் மிகுந்திருந்தால் பிந்தும். புகைவண்டி அட்டவணையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த அட்டவணை சிறிதும் புதிதாகத் தோன்றாது.

இனி நிலையத்தின் கதை. செவர்ன் ஓதத்தோடு மனிதர் நடத்திய வழக்குகளில் பெரும்பாலும் ஓதமே வென்றது. நியூனத்துக்குச் சற்றுத் தெற்கே ஆற்றின் அடியில் சுரங்கவழி அகழ 1810 ஆம் ஆண்டு தொடங்கினார்கள்; 1812 ஆம் ஆண்டு நீர் உட்புகுந்தது; கைவிட்டார்கள். கப்பல்கள் ஆற்றின் வளைவுகளிலும் மணல்மேடுகளிலும் படும் பாட்டைத் தவிர்க்க ஆற்றுக்கு இணையாகக் கிளாஸ்டர்-ஷார்ப்னஸ் கால்வாயை வெட்டி 1827 ஆம் ஆண்டு திறந்தார்கள். ஆற்றோடு போராடாமல் ஒதுங்கிச் சென்ற முயற்சி ஆதலால் அது நிலைத்தது. பிறகு 1851 செப்டம்பர் 19 ஆம் நாள், புரூனல் என்னும் புகழ்பெற்ற பொறியாளர் வகுத்த தென்வேல்சு இருப்புப்பாதையின் ஒரு பகுதி கிளாஸ்டரிலிருந்து செப்ஸ்டோ வரை திறக்கப்பட்டது. நியூனம் நிலையமும் அதனோடு பிறந்தது. அங்கிருந்து லிட்னி வரை பல இடங்களில் தண்டவாளம் ஆற்றை ஒட்டியே செல்கிறது. டீன் காட்டுச் சுரங்க ஊரான சிண்டர்ஃபோர்டுக்கு 1907 முதல் 1958 வரை சென்ற பயணிகள் வண்டிக்கும் நியூனமே தொடக்க நிலையம். சிற்றூர்தான்; எனினும் வண்டி மாறும் இடம் என்ற மதிப்பு அதற்கு இருந்தது.

புகைவண்டி அவ்வூருக்குப் பயணத்தை மட்டும் கொண்டுவரவில்லை, நேரத்தையும் கொண்டுவந்தது. நியூனம் கிரீன்விச்சுக்கு மேற்கே ஏறத்தாழ இரண்டரைப் பாகையில் இருக்கிறது. அங்கே உச்சிவேளை இலண்டனைவிடப் பத்து மணித்துளி பிந்தியது. ஊர்க்காரர்கள் தங்கள் கதிரவனைப் பார்த்து வைத்த கடிகாரமும், நிலையத்தில் தொங்கிய கடிகாரமும் ஒத்துப்போக வழியில்லை. கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதை 1840 ஆம் ஆண்டிலேயே தன் நிலையங்களில் இலண்டன் நேரத்தை வழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. நாட்டின் சட்டம் 1880 ஆம் ஆண்டுதான் அதனை ஏற்றது. கதிரவனின் நேரம் இவ்வாறு தோற்றது. நிலவின் நேரமோ தோற்கவில்லை. எந்தக் கடிகாரத்திலும் அடங்காமல், நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது மணித்துளி பிந்திக்கொண்டு, அது தன் வழியே போய்க்கொண்டிருந்தது. ஒரே ஊரில், சில நிமிட நடைத்தொலைவில், இரண்டு அட்டவணைகள் நடைமுறையில் இருந்தன.

இந்த இரண்டையும் தம் வாழ்க்கையில் இணைத்தவர் ஒருவர் உண்டு. அவர் ஜாக் சர்ச்சில். பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் அல்லர், வேறொருவர். அவருடைய தந்தை இலங்கையில் அரசுப் பொறியாளராகப் பணியாற்றியவர். மகன் படைவீரரானார். இரண்டாம் உலகப்போரில், துப்பாக்கியும் பீரங்கியும் முழங்கிய களத்துக்கு, நீண்ட வில்லும் இடையில் வாளும் கொண்டு சென்றவர் என்று அவரைப் பற்றிச் சொல்வர். 1944 ஆம் ஆண்டு யூகோசுலாவியப் போர்முனையில் பிடிபட்டார். சாக்சன்ஹௌசன் சிறைமுகாமிலிருந்து தப்பினார். போருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் பயிற்சியாளராக இருந்தபோது கடலில் பலகைமீது நின்று அலையில் சறுக்கிச் செல்லும் கலையில் ஈடுபாடு கொண்டார். தாயகம் திரும்பியதும் அவர் தேடிச் சென்றது கடலை அன்று, செவர்ன் ஆற்றை. 1955 சூலை 21 ஆம் நாள், தாமே வடிவமைத்த பலகையில், ஏறிவரும் அலைமீது ஒரு மைலுக்கும் மேல் சென்றார். அப்போது அவருக்கு வயது 48. அந்த ஆற்றலையில் சறுக்கிய முதல் மனிதர் என்று அவரையே குறிப்பிடுகிறார்கள். போரில் பெயர் பெற்றவர் ஆற்றின் 'போரிலும்' பெயர் பெற்றார் என்று தமிழர் சிலேடை பேசலாம்.

அவரைப் பற்றிய இன்னொரு செய்தி புகைவண்டி சார்ந்தது. அலுவலகம் முடிந்து மாலை வண்டியில் வீடு திரும்பும்போது, ஓரிடத்தில் எழுந்து, சன்னலைத் திறந்து, தம் கைப்பெட்டியை வெளியே இருளில் வீசிவிட்டு மீண்டும் அமைதியாக அமர்ந்துகொள்வாராம். உடன் பயணம் செய்தவர்கள் திகைத்துப் போவார்கள். உண்மை என்னவெனில், வண்டி அவர் வீட்டுத் தோட்டத்தின் பின்புறம் கடக்கும் இடம் அது. நிலையத்திலிருந்து பெட்டியைச் சுமந்து நடக்க அவருக்கு விருப்பமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் வேகத்தையும் அது ஓரிடத்தைக் கடக்கும் கணத்தையும் சரியாக அறிந்திருந்தவருக்கு மட்டுமே இது இயலும். அலையில் ஏறுவதற்கு வேண்டிய திறமும் அதுவேயன்றோ!

கடலில் ஓர் அலையைத் தவறவிட்டால் அடுத்தது சில நொடிகளில் வரும். ஆற்றில் அவ்வாறில்லை. வருவது ஒரே அலை. தவறினால் அடுத்ததற்குப் பன்னிரண்டு மணிநேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே செவர்ன் கரையில் பலகையோடு நிற்பவர்களின் முகத்தில், மலைப்பாதை நிலையத்தில் கடைசி வண்டிக்குக் காத்திருப்பவர்களின் பதற்றம் இருக்கும். நீர் தாழ்ந்து, சேறு தெரிந்து, ஆறு கடலை நோக்கி அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். முதலில் ஓசைதான் கேட்கும். பிறகு வளைவில் வெள்ளைக் கோடொன்று தோன்றும். ஆழமான நடுவில் அலை உடையாமல் வழவழப்பாக வரும். கரையோரம் ஆழங்குறைந்த இடத்தில் நுரைத்து உடையும். மண்கலங்கிய பழுப்பு நீர்; வேரோடு பெயர்ந்த மரங்களும் கட்டைகளும் அதில் கலந்து வரும். சறுக்குபவர் அலை உடையும் இடத்துக்கும் உடையாத இடத்துக்கும் இடையே உள்ள குறுகிய பகுதியில் தங்க வேண்டும். ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பகுதி ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறும். ஆற்றின் அடித்தரையை மனப்பாடமாக அறிந்தவரே நெடுந்தொலைவு செல்ல முடியும். 2006 ஆம் ஆண்டு ஸ்டீவ் கிங் என்பவர் ஒரே அலையில் 7.6 மைல், அதாவது 12 கிலோமீட்டருக்கும் மேல் சென்றார். அவருடைய தொழில் இரயில்வே பொறியியல் என்பது இவ்வுரைக்குக் கிடைத்த எதிர்பாராத சான்று. அலை கடந்த பிறகும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆறு மேல்நோக்கி ஓடிக்கொண்டே நிறையும். வேடிக்கை பார்த்தவர்களில் பலர் அதற்குள் கலைந்துவிடுவார்கள். ஆறு பின்னோக்கி ஓடும் அந்த ஒரு மணி நேரமே காட்சிகளில் சிறந்தது என்பதை அவர்கள் அறிவதில்லை.

ஓதத்தின் வலிமை விளையாட்டுக்குரியது மட்டுமன்று. 1960 அக்டோபர் 25 ஆம் நாள் இரவு, கடும் மூடுபனியில், எண்ணெய் ஏற்றிய இரண்டு படகுகள் ஷார்ப்னஸ் துறைமுக வாயிலைத் தவறவிட்டன. ஏறுகின்ற ஓதம் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து மேலே இழுத்துச் சென்று, 1879 ஆம் ஆண்டு முதல் நின்றிருந்த செவர்ன் இரயில் பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தின் இரண்டு கண்கள் சரிந்தன, எண்ணெய் தீப்பற்றியது, எண்மரில் ஐவர் மாண்டனர். பாலம் மீண்டும் கட்டப்படவில்லை. லிட்னிக்கும் ஷார்ப்னசுக்கும் இடையே ஆற்றைக் கடந்து வந்த வண்டி அன்றோடு நின்றது.

நியூனம் நிலையத்தை அழித்தது ஓதம் அன்று, கணக்கு. 1963 மார்ச்சில் பீச்சிங் அறிக்கை வெளிவந்தது. நாட்டில் 2,363 நிலையங்களை மூடுமாறு அது பரிந்துரைத்தது. இருப்புப்பாதை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயணிகளில் நூற்றுக்கு ஒருவரையே சுமக்கிறது என்பது அதன் வாதம். அக்கணக்கை எவரும் எளிதில் மறுத்துவிட முடியாது, நட்டம் உண்மையானது. மறு ஆண்டு, 1964 நவம்பர் 2 ஆம் நாள், நியூனமும் அதனை அடுத்திருந்த கிரேஞ்ச் கோர்ட், ஓக்கிள் ஸ்ட்ரீட் நிலையங்களும் பயணிகளுக்கு மூடப்பட்டன. மூன்றுமே அலையைக் காணும் கரைகளுக்கு அண்மையில் இருந்தவை.

அறிக்கைக்கான பயண அடர்த்திக் கணக்கு 1961 ஏப்ரல் 23 ஆம் நாள் முடிவடைந்த ஒரே வாரத்தில் எடுக்கப்பட்டது. அந்த மாதம் 15 ஆம் நாள் அமாவாசை. வாரம் செல்லச் செல்ல ஓதம் தணிந்து, மக்கள் ஊர் சுற்றும் சனி ஞாயிறுகளில் நிலவு பாதியாகி, செவர்ன் அலையின்றிக் கிடந்திருக்கும். அலை காண வருவோரைக் கூட்டியிருந்தால் நிலையம் தப்பியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்நாளில் அவர்கள் தொகை சிறிதே இருந்திருக்கும். ஆனால் ஓராண்டில் சில நாள்களில் மட்டும் பொருள் பெறும் ஓர் இடத்தை ஏதோ ஒரு வாரத்தை வைத்து அளப்பது, மதுரையின் கூட்டத்தைச் சித்திரைத் திருவிழா இல்லாத ஒரு வாரத்தில் எண்ணுவதற்கு ஒப்பாகும். அந்த ஆற்றலையில் முதல் மனிதர் சறுக்கி ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. இனி வரப்போகும் கூட்டத்தை எண்ணுவதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

கூட்டம் வந்தது, சாலையில் வந்தது. பேரலை நாள்களில் நியூனத்தையும் மின்ஸ்டர்வொர்த்தையும் ஊடுருவிச் செல்லும் ஏ-48 சாலையில் மகிழுந்துகள் நெருக்கியடித்து நிற்கின்றன. வயல்வெளி வாயில்களும் வீட்டு முகப்புகளும் மறிக்கப்படுகின்றன. இருப்புப்பாதையோ மூடப்படவில்லை, கிளாஸ்டருக்கும் நியூபோர்ட்டுக்கும் இடையே பயணிகள் வண்டிகள் இன்றும் நியூனத்தைக் கடந்து ஓடுகின்றன. கிளாஸ்டருக்கும் செப்ஸ்டோவுக்கும் இடையே அவை நிற்கும் நிலையம் லிட்னி ஒன்றுதான்.

நிலையம் போனது போல அலையும் போகக்கூடும் என்ற அச்சம் செவர்ன் கரைக்குப் பழையது. 1849 ஆம் ஆண்டிலேயே தாமஸ் ஃபுல்ஜேம்ஸ் என்னும் மாவட்டப் பொறியாளர் பீச்லிக்கும் ஆஸ்ட்டுக்கும் இடையே கழிமுகத்தை மறித்து அணை கட்டத் திட்டம் தந்தார். அதன்மேல் இருப்புப்பாதையும் செல்லும் என்றார். இருபதாம் நூற்றாண்டில் அது மின்சாரத் திட்டமாக மாறியது. கார்டிஃபுக்கும் வெஸ்டனுக்கும் இடையே ஓர் அணை கட்டினால் நாட்டின் மின்சாரத் தேவையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு கிடைக்கும் என்று மதிப்பிட்டார்கள். கரியில்லாத மின்சாரம், புவி வெப்பமாகும் காலத்தில் அதனை இகழ்ந்து பேசுவது நேர்மையாகாது. ஆனால் அணைக்கு மேலே ஓதத்தின் ஏற்றம் குறையும், அலை எழாது. நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுநிலங்களில் இரைதேடும் பறவைகளும் இடமிழக்கும். 2010 அக்டோபரில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. 2013 ஆம் ஆண்டு தனியார் குழுவொன்று கொணர்ந்த திட்டமும் நாடாளுமன்றக் குழுவின் ஒப்புதலைப் பெறவில்லை. 2010 ஆம் ஆண்டு அணையை நிறுத்தியதில் பெரும்பங்கு அதன் செலவுக்கே உரியது. நிலையத்தை மூடிய அதே வகைக் கணக்குத்தான் அலையைக் காத்தது. அலையின் பொருட்டுக் காத்ததாகச் சொல்ல முடியாது.

இவ்வச்சம் கற்பனை அன்று. பிரான்சு நாட்டின் செய்ன் ஆற்றில் கோதபெக் என்னும் ஊரில் பேரலை வரும். அதனைக் காணப் பாரிசிலிருந்தும் மக்கள் சென்றார்கள். கப்பல்களுக்காக ஆற்றை ஆழப்படுத்திக் கரைகளைக் கட்டினார்கள். 1960களில் அலை மறைந்தது. அங்கே அது திரும்பவே இல்லை.

கனடாவின் பெட்டிகோடியாக் ஆற்றில் நேர்ந்தது வேறு. 1968 ஆம் ஆண்டு மோங்டன் நகருக்கு அருகே ஆற்றின் குறுக்கே சாலையணை எழுந்தது, மேலே சேறு படிந்தது, ஆறு குறுகியது, ஆளுயரம் எழுந்த அலை கணுக்காலளவாயிற்று. மீனவரும் ஊர்மக்களும் நெடுங்காலம் வாதாடினர். 2010 ஆம் ஆண்டு அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. ஓதம் தானே சேற்றை அரித்து ஆற்றை அகலப்படுத்தியது. மூன்றே ஆண்டுகளில், 2013 ஆம் ஆண்டு, அதே ஆற்றின் ஒரே அலையில் இருவர் 29 கிலோமீட்டர் சறுக்கிச் சென்றனர்.

செவர்னில் அலை நியூனத்தைக் கடந்து, ஆர்லிங்கம் நிலநாக்கைச் சுற்றி வளைந்து, ஓவர் பாலத்தை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. நியூனத்தில் நிற்காமல் வரும் வண்டி அதே தொலைவைக் கால் மணிக்குள் கடந்துவிடும். ஓவரில் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டிய பழைய கற்பாலத்தின் அருகே இருப்புப்பாதையும் ஆற்றைக் கடக்கிறது. பேரலை நாள்களில் அங்கே கரையில் நிற்பவர்கள், வண்டி மேலே கடந்து போன பிறகும், கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறார்கள்.